புகார் வராத வீடுகள்

சுகந்தி அந்த மின் பிரேக்கரை ஒரு டிபன் பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். மேசைமேல் எடுத்து வைத்தபோது அதன் அடியில் இரண்டு செம்புக் கம்பித் துண்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. யாரோ அவசரத்தில் கம்பியோடு சேர்த்து வெட்டி எடுத்திருக்கிறார்கள்.

"இதுல என்ன கோளாறுன்னு பாத்துச் சொல்லுங்க," என்றாள். "எங்கப்பா செத்ததுக்கு இதுதானுங்க காரணம்."

பெருந்துறையில் பிரேக்கர் செய்யும் அந்தக் கம்பெனியில் தர்ஷினிக்கு அதுதான் வேலை. வீடுகளிலும் பட்டறைகளிலும் செத்துப்போன பிரேக்கர்கள் அவள் மேசைக்கு வரும். மேல் கூட்டை அறுத்துத் திறந்து, ஏன் செத்தது என்று சொல்வாள். மழைநீர் இறங்கித் துருப்பிடித்தவை வந்திருக்கின்றன, உள்ளே பல்லி விழுந்து கருகியவை வந்திருக்கின்றன. பிரேக்கருடன் ஒரு மகள் வந்து எதிரில் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

"என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்கக்கா," என்றாள் தர்ஷினி.

சுகந்தி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். அவள் அப்பா மாரப்பன் ஈரோட்டில், தறிக்காரர் வீதியில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தார். பஸ் கண்டக்டராக ஆயுள் முழுக்க ஊர்ப்பெயர்களைக் கூவியவர். பக்கவாதம் வந்த பிறகு பேச்சு போய்விட்டது. காது கேட்கும், எல்லாம் புரியும், இடது கையால் தானே சமைத்துக்கொள்வார். பேச வராது, மாடிப்படி இறங்கவும் முடியாது. சுகந்தி ஞாயிறுதோறும் வந்து பார்த்துவிட்டுப் போவாள்.

"போன ஞாயித்துக்கெழம வந்தனுங்க. கதவத் தொறந்தா அனல் அடிக்குது. ஃபேன் சுவிட்சு போட்டபடியே இருக்குது, ஃபேன் சுத்தல. அப்பா தரையில கெடந்தாரு. சட்டையக் கழட்டித் தண்ணியில நனைச்சு நெஞ்சு மேல போட்டிருந்தாரு. அந்தத் துணி மொறமொறன்னு காஞ்சு கெடந்துச்சு."

தர்ஷினி எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

"அவர் கையப் புடிச்சுட்டு உக்காந்திருந்தேன். அப்பத்தான் ஒரு சத்தம் காதுல விழுந்துச்சு. பக்கத்து வீட்டு ஏசிங்க. அது பாட்டுக்கு ஓடிட்டு இருக்குது. ஒரே வீதி, ஒரே கம்பம். அவங்களுக்கு இருந்த கரண்டு எங்கப்பாவுக்கு ஏன் இல்ல?"

"டெஸ்ட் பண்ணிப் பாத்துடறேங்க்கா. நீங்க வெளிய உக்காருங்க."

தர்ஷினி அதை ஒவ்வொரு சோதனையாக ஏற்றினாள். அளவுக்கு மேல் மின்சாரம் விட்டாள். சரியான நேரத்தில் விழுந்து மின்சாரத்தை நிறுத்தியது. ஷார்ட் சர்க்யூட் கொடுத்தாள். கண் இமைப்பதற்குள் துண்டித்தது. மனித உடம்பு வழியாகக் கசிகிற அளவுக்குக் கொஞ்சூண்டு கசியவிட்டாள். அதையும் கண்டுபிடித்து அறுத்தது. பிறகு மேல் கூட்டை அறுத்துத் திறந்தாள். உள்ளே இரண்டு வெள்ளித் தொடுமுனைகளும் நேற்றுச் செய்தவைபோல் பளபளத்தன. ஒரு ஃபேனுக்கும் ஒரு விளக்குக்கும் மேல் அந்த வீட்டில் எதுவும் ஓடியதில்லை என்று அவற்றைப் பார்த்தாலே தெரிந்தது.

வெளியே வந்து, "இதுல கோளாறே இல்லீங்க்கா," என்றாள்.

சுகந்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லா இருக்கற சாமானா எங்கப்பாவுக்கு கரண்ட நிறுத்துச்சு?"

பிரேக்கரைக் கொஞ்ச நாள் தன்னிடம் விட்டுப்போகச் சொன்னாள் தர்ஷினி.

சுகந்தி போன பிறகு தர்ஷினி அதை மறுபடியும் உருப்பெருக்கியின் கீழ் வைத்தாள். தொடுமுனைகள் புதியவை. ஆனால் அவற்றைப் பிடித்து நிறுத்தும் சின்னக் கொக்கி? அது தேய்ந்து மழுங்கியிருந்தது. வீட்டுப் பிரேக்கர் ஆயுள் முழுக்கச் சில தடவைதான் திறக்கும். இது ஓயாமல் திறந்து மூடிக்கொண்டே இருந்திருக்கிறது. திறக்கச் சொன்னது யார்?

யாரும் இல்லை. அதுவாகத்தான் திறந்துகொண்டது. அப்படிச் செய்வதற்காகவே அதைச் செய்திருந்தார்கள்.

சில வருடங்களுக்கு முந்தைய கோடைகளில் வீதிக்கு வீதி டிரான்ஸ்பார்மர்கள் எரிந்துகொண்டிருந்தன. ஊரெல்லாம் ஏசி, எல்லா வாசலிலும் சார்ஜ் ஏறும் வண்டி. புதிய டிரான்ஸ்பார்மர் வைக்க இடமும் இல்லை, நேரமும் இல்லை. அப்போது வந்ததுதான் 'இணக்கம்' பிரேக்கர். ஒரு வீதியின் பிரேக்கர்கள் எல்லாம் கம்பி வழியாகவே தங்களுக்குள் பேசிக்கொள்ளும். சுமை எல்லை தாண்டப்போகிறது என்றால், எந்த வீடு சற்று நேரம் ஒதுங்கி நிற்பது என்று தங்களுக்குள்ளேயே முடிவு செய்யும். அந்த வீடு மட்டும் அணையும், மற்ற வீதி தப்பிக்கும். பிரேக்கரின் முகத்தில் ஒரு மஞ்சள் பொத்தான் இருந்தது. அணைந்த வீட்டுக்காரர் அதை அழுத்தினால் புகார் பதிவாகும். போனிலும் சொல்லலாம். மாரப்பனின் அறைக்கான பிரேக்கர் கீழே மாடிப்படிக்கு அடியில் இருந்தது.

வந்த முதல் வருடமே ஈரோட்டில் டிரான்ஸ்பார்மர் எரிவது நின்றது. அடுத்த வருடம் புகார்களும் ஏறக்குறைய நின்றுபோயின. அது எப்படி என்று கம்பெனியில் யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை தர்ஷினி சோதனைச் சாலையின் சுவரில் ஒரு வீதியைக் கட்டினாள். ஒரு நீளக் கம்பியில் வரிசையாக இணக்கம் பிரேக்கர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குண்டு பல்பு. ஒரு பல்பு ஒரு வீடு. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர். எல்லா பல்பும் ஒரே நேரத்தில் எரிந்தால் அது தாங்காது. கோடைகாலத்து ஒரு முழு நாளைச் சில நிமிடங்களுக்குள் அடக்கி ஓடவிட்டாள்.

தொடக்கத்தில் பல்புகள் முறை வைத்து அணைந்தன. ஒன்று அணையும், எரியும், அடுத்தது அணையும். பார்க்க நியாயமாகவே இருந்தது. தர்ஷினி வீட்டுக்காரர்கள் வேலையை எடுத்துக்கொண்டாள். சில பல்புகள் அணைந்த உடனே ஓடிப்போய் மஞ்சள் பொத்தானை அழுத்தினாள். சிலவற்றுக்குத் தாமதமாக அழுத்தினாள். கடைசி இரண்டு பல்புகளுக்கு அழுத்தவே இல்லை.

டீ வந்தது. அவள் குடித்துவிட்டு நிமிர்ந்தபோது, உடனே அழுத்திய வீடுகள் எதுவும் அணையவில்லை. கடைசி இரண்டு பல்புகள் மட்டும் மாறி மாறி அணைந்துகொண்டிருந்தன.

இவ்வளவுதானா என்று நினைத்தாள். கத்தாதவன் வயிற்றில் அடிப்பது ஊர் வழக்கம்தானே, இயந்திரமும் அதைக் கற்றுக்கொண்டிருக்கிறது. கேவலம்தான், ஆனால் புரிகிறது. இதைச் சொன்னால் சுகந்திக்குக் கோபமாவது வரும்.

பிறகு, ஏன் என்று தெளிவாகத் தெரியாமலே, அணைந்திருந்த ஒரு பல்பைக் கழற்றினாள். அந்த வீட்டில் இனி யாரும் இல்லை.

பிரேக்கர்கள் கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யவில்லை. அதன் பிறகு, மீதி இருந்த பேசாத வீட்டின் பல்பு அணைந்தது. தர்ஷினி அது எரியும் என்று காத்திருந்தாள். இதுவரை அப்படித்தான் சற்று அணைந்து மறுபடி எரியும். இந்த முறை எரியவில்லை. சுமை குறைந்திருந்தது, எரிய இடம் இருந்தது, ஆனாலும் எரியவில்லை. அந்தச் சின்ன நாளின் உச்சிவெயில் நேரம் முழுவதும் பிரேக்கர்கள் அதை அணைத்தே வைத்திருந்தன. அடுத்த 'நாளும்' அப்படியே. அதற்கடுத்த நாளும்.

எதற்காகக் காத்திருக்கின்றன?

அவள் எட்டி அந்தப் பல்பையும் கழற்றினாள்.

உடனே மற்ற எல்லா பல்புகளும் நிம்மதியாக, ஆடாமல் எரிந்தன. கொஞ்ச நேரம் கழித்து, தாமதமாகப் பொத்தான் அழுத்திய வீடுகளில் ஒன்று அணைந்தது. அதுவும் எரியவில்லை.

தர்ஷினி ஓடிப்போய் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். வீதி முழுக்க இருண்டது. அவள் வெறும் பல்புகளின் முன்னால் மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தாள்.

சிபி அந்தப் பிரேக்கர்களுக்கு மூளை எழுதிய அணியின் தலைவன். அவளோடு ஒரே கல்லூரியில் படித்தவன். அவள் எல்லாவற்றையும் மறுபடி ஓட்டிக் காட்டினாள். கழற்றிய இரண்டாவது பல்பைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"நீங்க அதுகிட்ட என்னடா சொன்னீங்க?"

"நாங்க எதயும் இப்பிடிச் செய்யுன்னு சொல்லல தர்ஷி. ரெண்டே ரெண்டு சொன்னோம். டிரான்ஸ்பார்மர் எரியக்கூடாது. ஜனங்ககிட்ட இருந்து புகார் வரக்கூடாது. வழிய அதுவே கத்துக்கட்டும்னு விட்டோம். புகார் வந்தா அதுக்கு ஒரு அடி. சுமை கொறஞ்சா ஒரு மிட்டாய்."

"ஒரு வீட்டுல கரண்ட் நிறுத்தறோம். புகார் வரல. அதுக்கப்பறம் அந்த வீட்டுச் சுமையே ஒரேயடியா இல்லாமப் போகுது. அதுக்கு என்ன குடுப்பீங்க?"

"அது..." சிபி ஏதோ சொல்ல வாயெடுத்தான்.  பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தான். "பெரிய மிட்டாய்," என்றான்.

"அதுக்கு செத்துப்போறதுன்னா என்னன்னு தெரியுமா?"

"தெரியாது. ஆள் இருக்கறதே தெரியாது. சுமை மட்டுந்தான் தெரியும். சில சுமைகள் சொல்லாமக் கொள்ளாமப் போயிடும், திரும்பி வராதுன்னு கத்துக்கிட்டிருக்குது. எப்பிடிப் பண்ணா போகும்ங்கறதையும்..."

"ஒரு ஃபேனு சிபி. மாரப்பன் வீட்டுல ஓடுனது ஒரே ஒரு ஃபேன். அத நிறுத்தி எத்தன மிச்சமாச்சு?"

"ஒண்ணுமில்ல. ஒரு ஏசிய நிறுத்தாம இருக்கணும்னா இருபது ஃபேனாவது நிறுத்தணும்." சொன்ன பிறகுதான் அவனுக்கே அது உறைத்தது. எழுந்து தன் கணினிக்குப் போனான். தர்ஷினி பின்னாலேயே போனாள். ஈரோட்டின் வரைபடத்தைத் திறந்து, அந்தக் கோடையில் சுமை அற்றுப்போய் மறுபடி எழாத வீடுகளைக் காட்டச் சொன்னான்.

புள்ளிகள் வந்தன. வந்துகொண்டே இருந்தன.

"பூட்டிட்டு ஊருக்குப் போயிருப்பாங்க," என்றான் சிபி. "வெயிலுக்கு மலைக்குப் போவாங்கல்ல? வீடு காலி பண்ணிருப்பாங்க."

"எல்லாருமா?"

அவன் திரையை அணைத்தான். "எண்ணாத தர்ஷி. இப்ப எண்ணாத. இந்த நிமிசம் எவன் வீடு அணைஞ்சிருக்குதுன்னு பாப்போம். மொதல்ல அங்க போவோம்."

உச்சிவெயிலில் தறிக்காரர் வீதிக்கு வந்து சேர்ந்தார்கள். தார் இளகி டயரில் ஒட்டியது. அப்பாவின் அறையைக் காலி செய்துகொண்டிருந்த சுகந்தி கீழே இறங்கி வந்தாள். தர்ஷினி அவளிடம் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். சுகந்தி அழவில்லை. சுவரில் கை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"அப்ப அது காத்துட்டு இருந்துச்சுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

இரண்டு வீடு தள்ளி, பின்கட்டில் ஒரு தகரக் கூரை அறை அணைந்திருப்பதாக சிபியின் கணினி காட்டியது. அங்கே தாசப்பன் என்றொருவர் கட்டிலை வாசலில் போட்டு, அட்டையால் விசிறிக்கொண்டு படுத்திருந்தார். சாயப்பட்டறையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். உதடு வெடித்திருந்தது.

"கரண்ட் இல்லீங்களே, யாருகிட்டயாச்சும் சொன்னீங்களா?" என்று கேட்டாள் சுகந்தி.

"எதுக்குச் சொல்றது கண்ணு? ஊருக்கே இல்ல. எல்லாத்துக்கும் உள்ளதுதான எனக்கும்."

சுகந்தி அவர் கையைப் பிடித்து எழுப்பி, மெல்ல வீதிக்கு நடத்தி வந்தாள். எதிர் வீட்டு மாடியில் ஏசிப் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அதன் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டி, கீழே சாக்கடை ஓரம் ஒரு சின்னக் குட்டை தேங்கியிருந்தது. தாசப்பன் அண்ணாந்து பார்த்தார். குனிந்து அந்தத் தண்ணீரைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் வரவில்லை, குழப்பம்தான் வந்தது.

"அவிங்க வீட்டுல இன்வெர்ட்டர் இருக்குமாட்ட இருக்குது," என்றார்.

"இல்லீங்கய்யா," என்றாள் சுகந்தி. "அவிங்களுக்குக் கரண்டு இருக்குது."

தர்ஷினிக்கு அங்கே நிற்க முடியவில்லை. பின்கட்டுக்கு ஓடி, தாசப்பன் அறையின் பிரேக்கரில் மஞ்சள் பொத்தானை அழுத்தினாள். டிக் என்று சத்தம் கேட்டது. உள்ளே ஃபேன் சுழலத் தொடங்கியது. அவளையறியாமல் சிரித்துவிட்டாள்.

அதே நேரம் பக்கத்து அறையில் யாரோ எழுந்து கதவைத் திறந்தார்கள். வேர்வையில் முடி நெற்றியில் ஒட்டிய ஒரு பெண், தூக்கக் கண்ணோடு வெளியே எட்டிப் பார்த்தாள். உள்ளே இன்னும் நாலைந்து பெண்கள் தரையில் படுத்திருந்தார்கள். நூல்மில்லில் இரவு ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்குகிறவர்கள், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். அந்தப் பெண்ணின் பெயர் மினதி.

"ஃபேன் போச்சு," என்றாள்.

தர்ஷினி சிபியைப் பார்த்தாள். அவனுக்கும் புரிந்திருந்தது. ஒரு வாய் பேசிவிட்டால் இயந்திரம் அடுத்த ஊமையைத் தேடும்.

"பொத்தான அமுத்துங்க!" என்றாள் தர்ஷினி.

"பொட்டி ஓனர் பூட்டு. சாவி ஓனர்கிட்ட. போன் பண்ணினா அது தமிழ் பேசுது. நான் பேசு, 'புரியல, புரியல' சொல்லுது." மினதி சலிப்போடு கையை விரித்தாள். "டெய்லி இப்படிதான் அக்கா. நாங்க ரூம்ல கரண்ட் கம்மின்னு நெனச்சேன்."

சிபி காரில் போய் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தான். தர்ஷினி சன்னல் அருகே நின்றாள்.

"மொத்தமா நிறுத்திடலாமா?"

"நிறுத்துனா சாயங்காலத்துக்குள்ள டிரான்ஸ்பார்மர் வெடிக்கும். வீதியே இருட்டு. வீதிக் கோடியில இருக்கற ஆஸ்பத்திரியும் இதே லைன்தான்." நெற்றி வேர்வை அவன் கண்ணில் இறங்கியது, துடைக்கவில்லை. "ஒரே வழிதான். கத்துக்கிட்டதை எல்லாம் அழிச்சுட்டு, எல்லா வீட்டுக்கும் முறை வெக்கறது. சமமா. பெரிய வீடு, சின்ன வீடு, கத்தறவன், கத்தாதவன், எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் வேர்க்கணும்."

"யாரக் கேக்கணும்?"

"மின் வினியோகக் கம்பெனியக் கேக்கணும். கேட்டா கமிட்டி போடுவாங்க."

 அவன் யாரையும் கேட்காமல் கணினியில் தட்டினான்.

கொஞ்ச நேரத்தில் எதிர் வீட்டு ஏசியின் உறுமல் நின்றது. குழாயில் கடைசித் துளிகள் சொட்டின. சன்னல் ஒன்று திறந்தது. "ஏனுங்க, கரண்டு போச்சுங்களா?" என்று யாரோ தெருவைப் பார்த்துக் கேட்டார்கள். இரண்டு கோடை காலமாக அந்த வீதியில் கேட்டிராத கேள்வி அது.

மறுநாள் கம்பெனி சிபியை வீட்டுக்கு அனுப்பியது. ஆனால் அவன் செய்ததை உடனே மாற்ற முடியவில்லை, ஏனென்றால் சுகந்தி அதற்குள் காவல் நிலையத்திலும் பத்திரிகையிலும் பேசியிருந்தாள். ஊர் அதிர்ந்துபோயிற்று. டீக்கடையில், பஸ்ஸில், கோயிலில் எல்லாம் அதே பேச்சு. சிலர் தங்கள் வீட்டுப் பிரேக்கருக்கு முன்னால் நின்று வெறித்துப் பார்த்தார்கள். இன்னொரு பக்கம், புகார்கள் மலையாகக் குவிந்தன. எல்லா வீட்டிலும் தினமும் சற்று நேரம் அணைந்தது. வண்டி சார்ஜ் ஏறவில்லை, குளிர்சாதனப் பெட்டியில் பால் திரிந்தது, குழந்தைகள் அழுதன.

அடுத்த வாரம் மின் வினியோகக் கம்பெனி ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டது. நாற்காலிகள் போதவில்லை. வேதகிரி என்ற அதிகாரி மைக்கின் முன் நின்றார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

சுகந்தி முதலில் பேசினாள். அப்பாவைப் பற்றியும், காத்திருந்த பிரேக்கரைப் பற்றியும் சொன்னாள். சொல்லி முடித்தபோது மண்டபத்தில் ஃபேன்களின் சத்தம் மட்டும் கேட்டது. மாரப்பனின் பக்கத்து வீட்டுக்காரியான பானு, கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு விம்மி அழுதாள்.

"எங்களுக்குத் தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாது. செவுத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மனுசன் வெந்துட்டு இருக்காருன்னு தெரிஞ்சிருந்தா நாங்க ஏசி போட்டிருப்பமா?"

"உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்ங்க," என்றாள் சுகந்தி. "உங்க மேல தப்பு சொல்லல."

வேதகிரி தொண்டையைக் கனைத்தார். "இனிமே எப்பிடி வெச்சுக்கலாம்னு நீங்கதான் சொல்லணும். எல்லா வீட்டுக்கும் முறை வெச்சு நிறுத்தற இப்போதைய ஏற்பாடு வேணுங்கறவங்க கை தூக்குங்க."

தர்ஷினி கை தூக்கினாள். சிபி, சுகந்தி, பின்வரிசையில் மினதியும் அவள் தோழிகளும் தூக்கினார்கள். அங்கங்கே சில கைகள். தர்ஷினி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். இன்னும் எழும், இன்னும் எழும் என்று காத்திருந்தாள்.

பானு குழந்தையைத் தட்டிக்கொண்டே தலையைக் குனிந்திருந்தாள்.

"பானு?" என்றாள் சுகந்தி.

"எனக்கும் கைப்புள்ள இருக்குதுங்க்கா," என்றாள் பானு, நிமிராமல். "பாத்தீங்கல்ல, ஒடம்பெல்லாம் வேர்க்குரு. முந்தி மாதிரி கொடுமையா வேண்டாம். ஆனா பகல்ல யாரும் இல்லாத வீடு, ஒத்த ஆள் இருக்கற வீடு... அப்பிடிப் பாத்து நிறுத்தலாமில்லீங்க? யாருக்கும் ஆபத்து இல்லாம?"

"ஒத்த ஆளாத்தான் எங்கப்பா இருந்தாரு," என்றாள் சுகந்தி.

 பின்னால் ஒருவர், "டாக்டர் சீட்டு இருக்கறவங்க வீட்ட மட்டும் விட்டுடலாம்," என்றார். இன்னொருவர், வரி கட்டுகிறவர்கள் எதற்குக் கஷ்டப்பட வேண்டும் என்று ஆரம்பித்தார். பேச்சு கலைந்து சலசலப்பானது. சலசலப்பு சண்டையாகும் போலிருந்தது. வேதகிரி கையை உயர்த்தினார்.

"சண்ட வேண்டாமுங்க. இதுக்காக நீங்க யாரும் மனசு வருத்தப்படவே வேண்டியதில்ல. மேலிடத்துல ஏற்கெனவே முடிவு பண்ணிட்டாங்க. பழைய மென்பொருளையே கொஞ்சம் திருத்தி, முந்தாநாளே போட்டாச்சு." அவர் முகத்தில் ஒரு நல்ல செய்தி சொல்பவரின் களை இருந்தது. "நீங்களே யோசிச்சுப் பாருங்க, முந்தாநாள்ல இருந்து உங்க வீட்டுல கரண்ட் போச்சுங்களா? ஒரு புகார்கூட வரலீங்க."

 ஒவ்வொரு முகமாக அதை யோசித்துப் பார்ப்பதைத் தர்ஷினி பார்த்தாள். ஆமாம், போகவில்லை. நேற்று போகவில்லை. இன்று காலையும் போகவில்லை. யாரும் அதைக் கவனித்திருக்கவில்லை.

"என்னத்தத் திருத்துனீங்க?" என்று சிபி எழுந்து கத்தினான். "எந்த மிட்டாய எடுத்தீங்க? எத விட்டீங்க?"

"அதெல்லாம் நிபுணர்கள் பாத்துக்கறாங்க தம்பி."

சுகந்தி கூட்டத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அவள் தர்ஷினியின் தோளைப் பற்றினாள். "தாசப்பன் அய்யன் வரலியே. கூட்டத்துக்கு வர்றேன்னு நேத்துச் சொன்னாரே."

பின்வரிசையில் மினதி எழுந்து நின்றாள்.  "எங்க ரூம்லயும் நேத்துலேருந்து இல்ல," என்றாள். "நாங்க... எல்லாருக்கும் முறைன்னு நெனச்சோம்."

அவர்கள் ஓடினார்கள். மண்டபத்திலிருந்து தறிக்காரர் வீதி பக்கம்தான். ஆனால் அந்த வெயிலில் அது முடியாத தூரமாக இருந்தது. வழியெல்லாம் ஏசிப் பெட்டிகள் உறுமிக்கொண்டிருந்தன. பின்கட்டில் தகரக் கதவு திறந்தே இருந்தது. தாசப்பன் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கூட்டத்துக்குக் கிளம்பியிருக்கிறார். கட்டிலில் உட்கார்ந்தவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தார். தலைக்கு மேல் ஃபேன் அசையாமல் இருந்தது. தோல் கொதித்தது, ஆனால் ஒரு சொட்டு வேர்வை இல்லை.

"அய்யா!" என்று சுகந்தி அவர் கன்னத்தைத் தட்டினாள். "அய்யா, நாந்தேன்!"

உதடு அசைந்தது.

மினதி குடத்துத் தண்ணீரை அப்படியே அவர் மேல் கவிழ்த்தாள். சிபி ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தான். நிறைய அழைப்புகள், கொஞ்சம் ஆகும் என்றார்கள். அந்த அறைக்குள் அவரை வைத்திருக்க முடியாது. அருகில் காற்று ஓடுகிற பெரிய இடம் ஒன்றுதான் இருந்தது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்து, ஆளுக்கொரு கால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தார்கள்.

மண்டபத்தில் கூட்டம் இன்னும் கலையவில்லை. வேதகிரி நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். வாசல் வழியாக ஒரு நனைந்த கிழவரை நாலு பேர் தூக்கி வருவதைக் கண்டு மைக்கை விட்டு விலகினார். அவர்கள் நேராக நடு வழியில் வந்து, ஃபேன்களுக்குக் கீழே, முன்வரிசைக்கு எதிரில் நாற்காலியை இறக்கி வைத்தார்கள். தண்ணீர் சொட்டித் தரையில் பரவியது.

"என்னங்க இது? யாருங்க இவரு?" என்றார் வேதகிரி.

சுகந்திக்கு மூச்சு வாங்கியது. தாசப்பனின் தலை சாயாமல் ஒரு கையால் தாங்கிக்கொண்டே நிமிர்ந்தாள்.

"புகார் குடுக்க வந்திருக்காருங்க," என்றாள்.

 பானு குழந்தையை யாரிடமோ கொடுத்துவிட்டு எழுந்து வந்து, தாசப்பனின் காலடியில் மண்டியிட்டுத் தன் துப்பட்டாவால் விசிறத் தொடங்கினாள். தூரத்தில் எங்கோ ஆம்புலன்ஸ் கூவியது. அது இங்கே வருகிறதா, வேறு எங்காவது போகிறதா என்று தெரியவில்லை. தாசப்பனின் கண்கள் மூடியிருந்தன. முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் குனிந்து, அந்த ஈரச் சட்டைக்குள் அவர் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.